மூன்று முனைப் பெட்டி

3 ஜனவரி 2025, வெள்ளி

கடை திறக்க வந்தபோதே வாசலில் குட்டியானை வண்டி ஒன்று நின்றது. விராலிமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர்ப் பையன்கள். காணும் பொங்கலன்று ராத்திரி கபடிப் போட்டி வைக்கிறார்கள். வண்டியில் பழைய பிட்டிங்குகள்: 250 வாட் சோடியம் எட்டு, 400 வாட் மெட்டல் ஹாலைடு நாலு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

"அண்ணே, பன்னெண்டு இக்னேட்டர் மட்டும் புதுசா வாங்கி மாட்டிக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிற பேச்சு இது. விளக்கு எரியவில்லை என்றால் இக்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சின்னப் பெட்டி, விலை குறைவு, கழற்றி மாட்ட எளிது. அதனால் பழி முதலில் அதன் மேல் விழுகிறது. சோக், கபாசிட்டர், பல்ப், ஹோல்டர், கம்பி ஓடும் தூரம் இவற்றில் எதைப் பார்க்காமல் விட்டாலும் புது இக்னேட்டரும் சீக்கிரம் கருகும். பிரித்துப் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார்கள். பரவாயில்லை. ஊரே கூடுகிற இடத்தில் தலைக்கு மேல் தொங்கப் போகிற சாமான் இது.

2015-இல் நாடு முழுவதற்குமான எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு, சோடியம் விளக்குகள் கம்பத்தை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கரண்டு மிச்சம், வெளிச்சம் வெள்ளை; அந்த மாற்றம் சரிதான். ஆனால் இறங்கியவை எல்லாம் அழிந்துவிடவில்லை. ரைஸ் மில் களத்திலும் செங்கல் சூளையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் போய் மறுபடி ஏறுகின்றன. ஏற்றுகிறவர்களில் பலர் எல்.இ.டி.யோடு தொழிலுக்கு வந்தவர்கள். இரண்டு கம்பி கொடுத்தால் எரிய வேண்டும் என்று பழகியவர்கள்.

4 ஜனவரி, சனி

தச்சங்குறிச்சியில் இன்று இந்த ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. பையன்கள் எல்லாரும் அங்கே. கடைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அக்கா மகள் வந்தாள், புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறாள். "மாமா, எங்களுக்குப் புஸ்தகத்துல படம் மட்டும்தான் இருக்கு, பிரிச்சுப் பாத்ததே இல்ல" என்றாள். பன்னிரண்டையும் அவள் கையாலேயே பிரிக்கச் சொன்னேன்.

முதலில் குப்பை. குளவிக் கூடு, பல்லி முட்டை ஓடுகள், கண்ணாடிக்குள் ஒரு கைப்பிடி ஈசல் இறகு. அதைத் துடைத்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன. சோக்கின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டைப் படிக்கச் சொன்னேன். 250 வாட், உயரழுத்த சோடியம், 240 வோல்ட், 3 ஆம்பியர், டி.டபிள்யூ. 130. கடைசியில் இருக்கிற 130 என்ன என்று கேட்டாள். சுருள் 130 டிகிரி சூட்டில் ஓயாமல் ஓடினாலும் பத்து ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டுப் போடுகிற எண் அது. மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் அடைத்து, சூடு அந்த எண்ணைத் தாண்டினால் ஆயுள் வேகமாகக் கரையும்.

எட்டு சோடியத்தில் ஆறுக்குத்தான் சரியான சோக். ஒன்றில் 250 வாட் மெர்க்குரி சோக் உட்கார்ந்திருந்தது. வாட் ஒன்றுதானே என்று யாரோ மாட்டியிருக்கிறார்கள். மெர்க்குரி பல்ப் 2.1 ஆம்பியரில் ஓடுவது. சோடியத்துக்கு 3 வேண்டும். அதில் எரிந்தாலும் மங்கலாகத்தான் எரியும். மெர்க்குரி பல்புக்குள் துணைக்கு ஒரு சின்ன மின்முனை இருப்பதால் இக்னேட்டரே தேவையில்லை. அதனால் அந்தச் சோக்கின் இன்சுலேஷனும் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பைத் தாங்க என்று செய்யப்பட்டதில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2020-ஐ மெர்க்குரி பல்புக்குக் கெடுவாக வைத்தது. சோக்குகள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்றில் 400 வாட் சோக்கும் 250 வாட் பல்பும். அந்தப் பல்பின் உள்குழல் இரு முனையிலும் கருத்துக் கிடந்தது. 4.6 ஆம்பியர் விடுகிற சோக்கில் 3 ஆம்பியர் பல்ப் எத்தனை நாள் இருக்கும்? எத்தனை இக்னேட்டர் மாற்றியிருந்தாலும் அதற்கு விடிவு வந்திருக்காது.

சோடியம் பல்பின் கழுத்தருகே, வெளிக் கண்ணாடியின் உள்பக்கம், கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு பட்டை இருக்கும். வெளிக் குழலில் வெற்றிடம் காக்கப் பூசியது. அது பால்வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். பல்ப் போயே போச்சு. மீட்டர் இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம். இன்று அப்படி இரண்டு கிடைத்தன.

கபாசிட்டர்தான் பரிதாபம். ஐந்து செத்துவிட்டன, ஒன்று வயிறு உப்பியிருந்தது. சீரீஸ் லேம்ப் போர்டில் சோக்குகளைப் பார்த்தோம். மெர்க்குரி சோக்கையும் 400-ஐயும் ஒதுக்கிவைத்தோம், மற்றவை சரி. பிறகு நல்ல பல்ப், நல்ல சோக் ஒரு ஜோடியை மேசையில் வைத்து, இக்னேட்டர்களை ஒவ்வொன்றாக மாட்டி எரித்துப் பார்த்தோம். பன்னிரண்டில் மூன்றுதான் பழுது.

5 ஜனவரி, ஞாயிறு

பையன்களுக்கு போனில் சொன்னேன்: இக்னேட்டர் மூன்று போதும், கபாசிட்டர் ஆறு வேண்டும், சோக் இரண்டு, பல்ப் சில. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அக்கா மகள் இன்றும் வந்தாள். நேற்றிரவு யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "சோக்கும் இக்னேட்டரும் ரெண்டுமே பல்பை எரிய வைக்கத்தானே மாமா? ஏன் ரெண்டு?"

நல்ல கேள்வி. இரண்டின் வேலையும் எதிரெதிர். குழலுக்குள் இருக்கிற வாயு குளிர்ந்த நிலையில் கரண்டை விடாது. 230 வோல்ட் கொடுத்தாலும் சும்மா கிடக்கும். அதை உடைத்துத் திறக்க ஒரு கண நேரத்துக்குப் பெரிய வோல்ட் வேண்டும். அதைத் தருவது இக்னேட்டர்: 70 வாட் சோடியத்துக்கு ஏறக்குறைய 2,000 வோல்ட், 150 வாட்டுக்கு மேல் 3,000-லிருந்து 4,500 வரை. ஒரு தடவை திறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கரண்டு கூடக் கூடக் குழலின் தடை குறையும்; தடை குறையக் குறையக் கரண்டு இன்னும் கூடும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் நொடியில் வெடித்துவிடும் அல்லது பியூஸ் போகும். தடுக்கிற ஆள் சோக். கண்மாய் நிறைந்திருந்தாலும் மடை விடுகிற அளவுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் போகும், அப்படி. 250 வாட் சோடியம் எரியும்போது பல்பின் குறுக்கே சுமார் 100 வோல்ட்தான் இருக்கும். மிச்சத்தைச் சோக் வாங்கிக்கொள்ளும்.

அந்தக் குழல் வந்த கதையையும் சொன்னேன். சோடியம் ஆவி சூட்டில் கண்ணாடியைத் தின்றுவிடும், குவார்ட்ஸையும் விடாது. அதனால் உயரழுத்த சோடியம் விளக்கு வெகுகாலம் வெறும் யோசனையாகவே இருந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் என்பவர் ஒளி கடக்கும் அலுமினாப் பீங்கானைச் செய்தார். அதற்குப் பிறகு, 1960-களில்தான் விளக்கு கடைக்கு வந்தது. பல்புக்குள் பென்சில் தடிமனில் வெளுப்பாகத் தெரிகிற குழல் அந்தப் பீங்கான்தான். உடைந்த ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கம்பி வேலை. எங்களிடம் இருப்பது மூன்று முனை இக்னேட்டர். பெட்டி மேலேயே படம் அச்சிட்டிருக்கும்: பி, என், எல்.பி. பேஸ் முதலில் சோக்குக்குள் போக வேண்டும். சோக்கிலிருந்து வெளியே வருவது பி முனைக்கு. என் முனை நியூட்ரலுக்கு. எல்.பி. முனையிலிருந்து ஹோல்டரின் நடுக் குமிழுக்கு. ஹோல்டரின் திருகு உடல் நியூட்ரலுக்கு. கபாசிட்டர் சோக்குக்கு முன்னால், வருகிற பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே.

ஏன் நடுக் குமிழ்? அந்தக் கம்பியில்தான் நாலாயிரம் வோல்ட் வருகிறது. ஹோல்டரின் அடியில், பீங்கானுக்கு நடுவே ஒளிந்திருக்கிற முனை அது. திருகு உடலுக்குக் கொடுத்தால் பல்ப் மாட்டும்போது விரல் படுகிற இடத்தில் அந்த வோல்ட் இருக்கும். ஓரத்தில் பொறி தாவவும் செய்யும்.

ஏன் சோக்கு பேஸில்? "நியூட்ரல்ல போட்டாலும் சீரீஸ்தானே, கரண்டு ஒண்ணுதானே" என்று கேட்டாள். கரண்டு ஒன்றுதான். ஆனால் இக்னேட்டர் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை பி-க்கும் என்-னுக்கும் இடையே இருக்கிற வோல்ட்டை வைத்துத்தான் அறிகிறது. பல்ப் எரியாதபோது அங்கே 230 முழுசாக நிற்கும். உள்ளே இருக்கிற சின்னக் கபாசிட்டர் ஏறும், ஒரு மட்டத்தைத் தாண்டியதும் செமிகண்டக்டர் சுவிட்ச் ஒன்று திறந்துகொள்ளும், சில சுற்றுகளில் பாய்கிற அந்த மின்சாரம் பல சுற்றுகள் உள்ள சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும். ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இது நடக்கும். பல்ப் பற்றியதும் பி-என் இடையே பல்பின் 100 வோல்ட்தான் மிஞ்சும். சுவிட்ச் திறக்கிற மட்டத்தை அது எட்டாது, இக்னேட்டர் ஓய்ந்துவிடும். சோக்கை நியூட்ரலில் போட்டு, பேஸை நேரே பி-க்குக் கொடுத்து, என் முனையை மெயின் நியூட்ரலில் கட்டினால், பல்ப் எரிந்த பிறகும் அங்கே 230 நிற்கும். விளக்கு பளிச்சென்று எரியும், மாட்டியவர் சம்பளம் வாங்கிப் போவார், உள்ளே இக்னேட்டர் ராத்திரி முழுக்கத் துடித்துத் துடித்துச் சாகும். எரிகிற பிட்டிங்கிலிருந்து டிர்ர் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்து எல்.பி.யில் வைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் துடிப்பைச் சாதாரண மீட்டர் தாங்காது. இன்சுலேஷன் பார்க்க மெக்கர் போடுவதானாலும் இக்னேட்டரைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்று ஒரு பிட்டிங்கை முழுக்க அவளே கட்டினாள். ஸ்லீவ் போட்டு, கனெக்டர் இறுக்கி, எர்த் கம்பியை உடலில் முறுக்கி. முதலில் வெளிர்நீலமாக ஒரு நடுக்கம், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு மெல்ல மெல்ல மஞ்சள். முழு வெளிச்சம் வர நாலைந்து நிமிடம். பக்கத்து டீக்கடைக்காரர்கூட எழுந்து வந்து நின்று பார்த்தார்.

7 ஜனவரி, செவ்வாய்

திருச்சி போய் வந்தேன். கடையில் கேட்கிறவர் சரியாகக் கேட்டால்தான் சரியான சாமான் வரும். "250 வாட் கபாசிட்டர்" என்றால் கையில் கிடைத்ததைத் தருவார்கள். 250 வாட் சோடியத்துக்கு 33 மைக்ரோபாரட் என்று எண்ணைச் சொல்ல வேண்டும். சோக்கில் செம்புக் கம்பி சுற்றியது வேண்டும் என்று கேட்டு, எடை பார்த்து வாங்கினேன். இக்னேட்டரில் டைமர் உள்ளது கொஞ்சம் விலை கூட. பல்ப் பற்றாவிட்டால் சில நிமிடத்தில் தானே ஓய்ந்துவிடும். அதைத்தான் எடுத்தேன்.

மெட்டல் ஹாலைடில் இன்னும் கவனம். 400 வாட்டிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று மூன்றரை ஆம்பியர் பக்கம், இன்னொன்று நாலுக்கு மேல். பல்பில் உள்ள ஆம்பியரும் சோக்கில் உள்ள ஆம்பியரும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பொருத்திப் பார்த்தேன். பின்னால் நின்ற கூட்டத்துக்கு அவசரம். இருந்தால் இருக்கட்டும்.

9 ஜனவரி, வியாழன்

கபாசிட்டர் மாற்றிய பிட்டிங்குகளைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். கபாசிட்டர் இல்லாமல் 3 ஆம்பியர் இழுத்தது, இருந்தால் ஒன்றரைக்குள். எட்டுக்கும் சேர்த்தால் 24 எங்கே, 12-க்குள் எங்கே. பல்பின் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் செத்த கபாசிட்டரை யாரும் கவனிப்பதில்லை. ஒயரும் ஜெனரேட்டரும்தான் சுமக்கின்றன.

11 ஜனவரி, சனி

மைதானம் பார்த்துவிட்டு வந்தேன். கண்மாய்க் கரைக்குக் கீழே, கருவேலம் வெட்டிச் சமன்செய்த இடம். நாலு மூலையில் இரும்புக் கம்பம், இருபத்தைந்து அடி. பையன்கள் சுறுசுறுப்பானவர்கள், தாங்களாகவே ஒரு யோசனை செய்து வைத்திருந்தார்கள். சோக் கனமாக இருப்பதால் சோக், இக்னேட்டர், கபாசிட்டர் எல்லாவற்றையும் கம்பத்தடியில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, பல்பை மட்டும் மேலே ஏற்றி ஒயர் இழுப்பது. பழுது பார்க்க ஏற வேண்டாமே என்று.

யோசனையில் பாதி சரி. சோக் கீழே இருக்கலாம். இக்னேட்டர் இருக்கக்கூடாது.

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று ஒரு கம்பத்தில் அவர்கள் சொன்னபடியே கட்டினேன். சுவிட்ச் போட்டதும் கீழே பெட்டியில் இக்னேட்டர் துடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மேலே பல்ப் அசையவில்லை. சுவிட்சை அணைத்து, இக்னேட்டரை மட்டும் மேலே கொண்டுபோய், ஹோல்டரிலிருந்து ஒன்றரை அடி ஒயரில் கட்டச் சொன்னேன். அதே பல்ப், அதே சோக். போட்ட உடனே பிடித்துக்கொண்டது.

சேர்ந்து ஓடுகிற இரண்டு கம்பிகளே ஒரு கபாசிட்டர். மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோபாரட் சேரும். 50 சைக்கிள் மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சில மைக்ரோ நொடி மட்டும் நிற்கிற கூர்மையான துடிப்பை அந்தக் கேபிளே விழுங்கிவிடும். பல்புக்குப் போய்ச் சேரும்போது முனை மழுங்கியிருக்கும். அதனால்தான் இந்த ரக இக்னேட்டரைப் பல்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். சோக்கின் நடுவே ஒரு டேப் எடுத்து, சோக்கையே துடிப்பு எழுப்பப் பயன்படுத்துகிற இன்னொரு ரகம் உண்டு. அதைக் கொஞ்சம் தூரத்திலும் வைக்கலாம். ஆனால் அதற்குரிய சோக்கோடு மட்டுமே அது ஓடும், கண்ட சோக்கோடு சேராது.

இக்னேட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்த பையன், தானே மீதி மூன்று கம்பத்திலும் ஏறிக் கட்டினான். அவனுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன். விளக்கு எரியவில்லை என்பதால் கரண்டு இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைத்துவிடக்கூடாது. எரியாதபோதுதான் அங்கே துடிப்பு இருக்கிறது. மெயினை அணைத்து, கபாசிட்டர் இறங்க ஒரு நிமிடம் விட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஏணி.

12 ஜனவரி, ஞாயிறு

ராத்திரி சோதனை. பையன்கள் பன்னிரண்டையும் ஆடுகளத்தின் மேலேயே திருப்ப வேண்டும் என்றார்கள். முதலில் சோடியம் மட்டும் போட்டுக் காட்டினேன். ஒருவன் நீல பனியன், ஒருவன் கறுப்பு, ஒருவன் கரும்பச்சை. களத்தில் இறங்கி நின்றார்கள். பத்தடி தள்ளி நின்றால் மூன்றும் ஒரே நிறம். சோடியம் வெளிச்சத்தில் நிறம் பிரித்தறிவது அவ்வளவு மோசம். நூறுக்கு இருபத்தைந்து மதிப்பெண்தான் தருவார்கள். கபடியில் யார் எந்த அணி என்று நடுவருக்கே தெரியாவிட்டால் ஆட்டம் எப்படி நடக்கும்? பிறகு மெட்டல் ஹாலைடு நாலையும் போட்டோம். நீலம் நீலமாயிற்று.

அதனால் களத்துக்கு ஹாலைடு நாலு. 13 மீட்டருக்குப் 10 மீட்டர் களம், போதும். சோடியம் எட்டும் வெளிப்பக்கம்: சனம் உட்காருகிற இடம், வண்டி நிறுத்துகிற இடம், சமையல் பந்தல், ரோட்டுக்கு வருகிற பாதை. அதற்கு மஞ்சள் வெளிச்சமே உத்தமம். வெள்ளை விளக்குப் பக்கம் மொய்க்கிற அளவுக்குப் பூச்சி இதில் வராது.

ஹாலைடு நாலையும் மூன்று பேஸிலும் பிரித்துப் போட்டேன். இந்த விளக்குகள் நொடிக்கு நூறு முறை அணைந்து எரிகின்றன. எல்லாம் ஒரே பேஸில் இருந்தால் எல்லாம் ஒரே கணத்தில் மங்கும். வேகமாக அசைகிற கையும் காலும் துண்டு துண்டாகத் தெரியும். ரெய்டு போகிறவனின் விரல் பட்டதா இல்லையா என்பதுதான் இந்த ஆட்டமே.

ஹாலைடு பிட்டிங் ஒன்றில் முன்கண்ணாடி கீறியிருந்தது. எரியும், ஆனால் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உள்குழல் எரியும்போது வெடிக்கிற வாய்ப்பு இந்த ரகத்தில் உண்டு. அந்தக் கண்ணாடிதான் துண்டுகளைப் பிடிக்கும், புறஊதாக் கதிரையும் தடுக்கும். கீழே குழந்தைகள் உட்காரப் போகிறார்கள். நாளைக்கே அளவுக்கு வேறு கண்ணாடி வாங்கிவரச் சொன்னேன்; சாதாரண ஜன்னல் கண்ணாடி வேண்டாம், சூடு தாங்குகிற டெம்பர்டு கண்ணாடி.

பதினோரு மணிக்கு மேல் மார்கழிப் பனி இறங்கி ஏணியெல்லாம் நனைந்துவிட்டது. இரண்டு விளக்கை அணைத்து, ஆறவிட்டு மறுபடி போட்டபோதும் பற்றவில்லை. ஹோல்டர் பீங்கானில் பழைய தூசி, அதன் மேல் பனி. துடிப்பு அந்த ஈரத்தின் வழியாகவே கசிந்துவிடுகிறது. ஹோல்டர்களைக் கழற்றி, தின்னர் வைத்துத் துடைத்து, காயவைத்து, பிட்டிங்கின் வாஷர்களை மாற்றச் சொன்னேன். கஜா புயலுக்குப் பிறகு, 2018-இல், நனைந்த பிட்டிங்குகளை இப்படித்தான் வெயிலில் பரப்பினோம். சோக்குகளைக் காயவைத்து, மெக்கர் பார்த்து, பெரும்பாலும் திரும்ப ஏற்ற முடிந்தது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். கடை இல்லை. அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மருமகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு ரக இக்னேட்டருக்கும் படம் போட்டு, பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, துடிப்பு ஓடுகிற கம்பிக்கு மட்டும் பச்சை மையில் வரைந்திருந்தாள். பச்சை எர்த்துக்கு உரிய நிறம், மாற்று என்றேன். ஊதாவில் மறுபடி வரைந்தாள்.

16 ஜனவரி, வியாழன்

ஆறு மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டோம். ஆட்டம் தொடங்கும்போது முழு வெளிச்சம் வந்திருக்க வேண்டும். நாலு கம்பத்துக்கும் தனித்தனி எர்த். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு முறையாக எடுத்திருந்தார்கள், அதில் எனக்கு நிம்மதி.

ஒன்பதே முக்கால் இருக்கும், லைன் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்கொண்டது. ஆனால் விளக்குகள் உடனே வராது. சூடாக இருக்கிற குழலுக்குள் வாயு அழுத்தம் அதிகம். அந்த நிலையில் உடைத்துத் திறக்க நம் இக்னேட்டரின் நாலாயிரம் வோல்ட் போதாது. ஹாலைடுக்கு இருபதாயிரத்துக்கு மேல் வேண்டும். ஆறுகிறவரை காத்திருக்கத்தான் வேண்டும். சோடியம் ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பியது. ஹாலைடு வரப் பத்து நிமிடத்துக்கு மேல். இதை எதிர்பார்த்துத்தான் இன்வெர்ட்டரில் எல்.இ.டி. பிளட் இரண்டைக் களத்தின் இருபக்கமும் முன்பே கட்டிவைத்திருந்தோம். இருட்டு என்று ஒரு கணம்கூட வரவில்லை. அவ்வளவு கூட்டம், பெண்களும் பிள்ளைகளுமாக. ஒரு நிமிட இருட்டில் தள்ளுமுள்ளு ஆகியிருந்தால் என்னவாகியிருக்கும்?

மைக்கில் ஒருவர் "ஆப் பண்ணி ஆன் பண்ணுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருமகள் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரையும் தொடவிடவில்லை. "ஆறட்டும் சித்தப்பா, தானா வரும்" என்றாள் ஒரு பெரியவரிடம். தானாகவே வந்தது.

18 ஜனவரி, சனி

பிட்டிங்குகள் இறங்கிவிட்டன. சமையல் பந்தலுக்கு மேல் இருந்த சோடியம் ஒன்று அன்று ராத்திரி அணைந்து அணைந்து எரிந்ததாம். "அது இக்னேட்டர்தானே அண்ணே?" என்றான் அதே பையன், கொஞ்சம் தயங்கி. பல்பை மட்டும் மாற்றி இரண்டு மணி நேரம் எரியவிட்டேன். ஒரு தரம்கூட அணையவில்லை. சோடியம் பல்ப் வயதாக ஆக அதன் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். நூறில் இருந்தது நூற்றைம்பதைத் தாண்டும்போது, சோக்கோடு சேர்ந்து அந்த எரிதலைத் தாங்க 230 போதாமல் போகும்; அணையும். ஆறியதும் இக்னேட்டர் மறுபடி பற்றவைக்கும். சூடானதும் மறுபடி அணையும். இதைப் பார்த்ததும் பல்பைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் ராத்திரிக்குப் பலமுறை துடித்து நல்ல இக்னேட்டரும் போகும், சோக்கின் இன்சுலேஷனும் நலியும்.

செத்த பல்புகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, கடை மேல் பரணில் வைத்திருக்கிறேன். இரண்டு ரகத்திலும் உள்ளே கொஞ்சம் பாதரசம் உண்டு. கண்மாய்க் கரையில் குழி தோண்டிப் போட்டுவிடலாம் என்றார்கள். அந்தத் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, மீன் பிடிக்கிறோம். அடுத்து திருச்சிக்குப் போகும்போது மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பிட்டிங்கின் உள்மூடியிலும் மருமகளின் படத்தை லேமினேட் செய்து ஒட்டிவிட்டோம். கீழே மூன்று வரி: பல்ப் எத்தனை ஆம்பியர், சோக் எத்தனை ஆம்பியர், கபாசிட்டர் எத்தனை மைக்ரோபாரட்.

சாயங்காலம் அன்னவாசல் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து போன். களத்தில் நாலு சோடியம், மாதம் ஒரு இக்னேட்டர் போகிறதாம், நாலு புதுசு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். எரியும்போது டிர்ர் என்று சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். ராத்திரி முழுக்கக் கேட்கும் என்றார். சோக்கு எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றும் வாங்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலையில் டெஸ்டரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.